மறுமொழி: இடைமுகத்தில் ‘கன்சிஸ்டென்சி’ – ஒருசீர்மையா, முரணாமையா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

திறன்பேசி இயங்குதளங்களின் தோற்றத்தை ஒப்பிடும் நம் கட்டுரைகளுக்காக ‘கன்சிஸ்டென்சி’க்கு (இடைமுகம், அதாவது நாம் பார்த்துத் தொட்டு இயக்கும் திரை, இடத்துக்கு இடம் மாறாமல் நடந்துகொள்வதற்கு) தமிழ்ச் சொல் கேட்டு இந்த இழை தொடங்கியது. வந்தவற்றில் ‘ஒருமைப்பாடு’ வேண்டாம். அதைப் படித்ததும் ‘தேசிய’ தானாக முன்னால் வந்து நிற்கிறது. ‘நிலைத்தன்மை’ ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது: மென்பொருள் தொங்காமல் ஓடுவதற்கும் அதுதான், சுற்றுச்சூழல் கட்டுரைகளிலும் அதுதான். ‘ஒத்திசைவு’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் போனில் உள்ள தொடர்புகளையும் படங்களையும் கணக்கோடு சிங்க் செய்வதற்கு அது போய்விட்டது. ‘செயலி’யை ஆப்புக்கும் பிராசஸருக்கும் சேர்த்து வைத்துக்கொண்டு நாம் படும் பாடு போதும்.

மிஞ்சியது ஒருசீர்மை. அதற்கு ஆதரவாக வந்த மடலிலிருந்து:

> ஒருசீர்மை என்றே வைத்துவிடலாம் ஐயா. ஐபோன் ஒரே சீராக இருக்கிறது. ஆண்ட்ராய்டு கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. இதில் என்ன குழப்பம்?

குழப்பம் அங்கேதான் இருக்கிறது. ஒரே மாதிரி இருப்பதும், முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லாமல் இருப்பதும் வேறு வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

2013-ல் ஐஓஎஸ் 7 வந்தபோது ஐபோனின் முகமே மாறிப்போனது. மஞ்சள் தாள் போன்ற குறிப்பேடு, மர அலமாரியில் அடுக்கிய இதழ்கள் எல்லாம் போய், மெல்லிய எழுத்தும் தட்டையான நிறங்களும் வந்தன. முந்தைய பதிப்பையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒருசீர்மை என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் பின்னால் போக இடது மேல் மூலை, முக்கியப் பிரிவுகளுக்குத் திரையின் கீழ்வரிசை என்பவை இருந்த இடத்திலேயே இருந்தன. பழகிய கை தடுமாறவில்லை.

ஆண்ட்ராய்டு 12 இதற்கு இன்னும் நல்ல சான்று. 2021-ல் அதனோடு வந்த ‘மெட்டீரியல் யூ’ என்னும் கூகுளின் வடிவமைப்பு முறை நம் பின்னணிப் படத்திலிருந்து நிறத்தை எடுத்துப் பொத்தான்களுக்கும் பட்டியல்களுக்கும் பூசுகிறது. கடற்கரைப் படம் வைத்தவர் போன் நீலம், மாந்தோப்பு வைத்தவர் போன் பச்சை. இரண்டு போன்களும் ஒரே சீராக இல்லை, வேண்டுமென்றேதான் அப்படி. ஆனால் ஒவ்வொரு போனுக்குள்ளும் அழுத்தமான நிறம் எதைக் குறிக்கிறதோ அதையே எங்கும் குறிக்கிறது. இதை ஒருசீர்மை இல்லாத வடிவமைப்பு என்று எழுதினால் அது பிழையான மதிப்பீடு.

மறுபக்கமும் உண்டு. 2010-ல் வந்த மைக்ரோசாஃப்டின் இயங்குதளமான விண்டோஸ் போன் 7 ஒருசீர்மையின் உச்சம்: பெரிய எழுத்துத் தலைப்பு, தட்டையான கட்டங்கள், அலங்காரமே கிடையாது. நான் அதை மிகவும் விரும்பினேன். ஆனாலும் எந்தச் செயலியில் இருக்கிறோம் என்று ஒரு பார்வையில் சொல்ல முடியாதபடி பல செயலிகள் ஒன்றுபோல இருந்தன.

சரி, முரண் எங்கே வருகிறது? பல ஆண்ட்ராய்டு செயலிகளில் திரையின் இடது ஓரத்திலிருந்து இழுத்தால் பக்கப்பட்டி திறக்கும். பல வருடம் அப்படித்தான் கூகுள் பழக்கியது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10, பொத்தான்கள் இல்லாமல் விரலை இழுத்தே எல்லாம் செய்யும் முழுச் சைகை முறையைக் கொண்டுவந்தபோது அதே ஓரம், அதே இழுப்பு, ஆனால் பின்னால் போகச் சொல்வதாகப் பொருள். நிறம், எழுத்துரு, படவுரு (ஐகான்) எதிலும் பிசகில்லை. கற்றுக்கொடுத்ததைக் கற்றுக்கொடுத்தவரே மாற்றிச் சொன்னார், அவ்வளவுதான். சைகைக்கு முன், திரையின் அடியில் மூன்று பொத்தான் இருந்த காலத்தில் கூகுளின் சொந்தப் போன்களில் பின்செல்லும் பொத்தான் இடப்பக்கம், சாம்சங்கில் வலப்பக்கம் இருந்ததும் இதே வகை.

ஐபோனும் இதற்கு விலக்கில்லை. கேமராவின் பல தெரிவுகளை மாற்ற, கேமராவை விட்டு வெளியே வந்து ‘அமைப்புகள்’ உள்ளே போய்த் தேட வேண்டும். மற்ற நிறுவனங்களின் செயலிகள் பலவற்றில் அவை செயலிக்குள்ளேயே கிடைக்கும். எங்கே தேடுவது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வைக்கும் வடிவமைப்பு, எவ்வளவு அழகாக இருந்தாலும், நம் கட்டுரையில் குறை மதிப்பெண்தான் வாங்க வேண்டும்.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் போன் மாற்ற வருபவர்கள் “பழைய போன் மாதிரியே இருக்குமா?” என்றுதான் கேட்கிறார்கள். நிறத்தையோ மூலைகளின் வளைவையோ அவர்கள் கேட்கவில்லை. கை பழகியது இதிலும் செல்லுமா என்பதுதான் கேள்வி.

ஆகவே என் பரிந்துரை முரணாமை. ‘முன்னுக்குப் பின் முரண்’ என்று நாம் அன்றாடம் சொல்வதிலிருந்து எடுத்தது. இதற்குப் பழைய வேரும் இருக்கிறது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் வரிசைப்படுத்தும்போது ‘மாறுகொளக் கூறல்’ என்கிறது. தொல்காப்பிய மரபியலிலும் அதே தொடர் உண்டு. முதலில் ‘மாறுகொளாமை’ என்றே வைக்கலாமா என்று பார்த்தேன். ஆனால் பிழையறிக்கை எழுதும் கல்லூரி மாணவருக்கு அது தூரமாகப் படும். அதே பட்டியலில் ‘கூறியது கூறல்’ தனிக் குற்றமாக நிற்பதையும் கவனியுங்கள். ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வது வேறு, சொன்னதற்கு மாறாமல் சொல்வது வேறு என்று அவர்கள் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

> எதிர்மறைச் சொல்லாக இருக்கிறதே? ஒரு நல்ல பண்புக்கு ‘இல்லாதது’ என்று பெயர் வைப்பதா?

தமிழில் அது குறையே இல்லை. புறங்கூறாமை, வெஃகாமை, அழுக்காறாமை, கொல்லாமை என்று குறள் அதிகாரங்களுக்குத் தலைப்பே அப்படித்தான் இருக்கிறது. ஒன்றைச் செய்யாதிருப்பதை உயர்ந்த பண்பாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் நன்றாக வேரூன்றியது. ‘முரண்பாடு’ தருக்கத்தில் பயன்படுகிறதே என்று கேட்டால், அங்கும் கன்சிஸ்டென்சி என்பது முரண்பாடு இல்லாத நிலைதான். ஒரே பொருள், மோதல் இல்லை.

அப்புறம், சொல் வளைந்து கொடுக்க வேண்டும். ‘புதிய பதிப்பின் சைகை பழையதோடு முரணுகிறது’, ‘முரணாத இடைமுகம்’, ‘இந்தத் திரையில் இரண்டு முரண்கள் உள்ளன’, ‘முரணாமையில் இந்த இயங்குதளம் முன்னே நிற்கிறது’. வினை, பெயரெச்சம், எதிர்ச்சொல், பெயர் எல்லாம் சிரமமின்றி வருகின்றன. ஒருசீர்மைக்கு வினை செய்து பாருங்கள், சிக்கல் தெரியும். அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எழுத்துரு, நிறம், படவுரு ஒன்றுபோல இருப்பதை மட்டும் குறிக்க அதை வைத்துக்கொள்வோம். ஒப்பீட்டு அட்டவணையில் இரண்டும் தனித்தனி நெடுவரிசைகள்.

தோற்றம் வேறு, பழக்கம் வேறு என்ற இந்த வேறுபாடு நமக்கு, குறிப்பாகச் சென்னைக்கு, நன்றாகவே தெரிந்தது. தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு விசைப்பலகையோடு வந்த காலத்தில், ஒன்றில் தட்டச்சுப் பழகியவர் இன்னொன்றில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 1999 பிப்ரவரியில் இங்கே நடந்த தமிழ்நெட்99 மாநாட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகை வந்தது. எழுத்துருக்களின் வடிவத்தை அது ஒன்றாக்கவில்லை. ‘க’ எங்கே இருக்கும் என்பதைத்தான் பொதுவாக்கியது.

செயலிகளின் திரைகளைத் தமிழாக்கும் நம் மொழிபெயர்ப்பிலும் கை வைக்க வேண்டும். ஒரு திரையில் ‘ரத்துசெய்’, அடுத்ததில் ‘வேண்டாம்’, மூன்றாவதில் ‘தவிர்’ என்று ஒரே பொத்தானுக்கு எழுதிவிட்டு இயங்குதளத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. இந்த முரண்களை நாமே களையலாம்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. ஒரு செயலிக்குள் வரும் முரணையும், அந்தச் செயலி இயங்குதளத்தோடு முரணுவதையும் எப்படிப் பிரிப்பது? உள்முரண், வெளிமுரண் என்று எழுதிப் பார்த்தேன். ‘உள்முரண்’ அரசியல் கட்டுரைகளில் வேறு வாசனையோடு புழங்குகிறது. இதற்கு யாராவது வேறு இணை சொன்னால், முரணாமையையும் அந்த இணையையும் சேர்த்து எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு, தமிழக அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்பலாம். படவுருவா சின்னமா என்பதைத் தனி இழையில் பேசுவோம்.

அன்புடன்,
கோட்டூர்புரத்திலிருந்து