பூ-எர் தேயிலையில் பெர்கமாட் எண்ணெய் கலக்கலாமா?

கருந்தேநீர்:
நேற்று முதல்முறையாக ஏர்ல் கிரே (பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய் சேர்த்த தேநீர்) வகையில் பூ-எர் குடித்தேன். சீனாவின் யூனானில் செய்த பழுத்த பூ-எரில், அதாவது நுண்ணுயிர்களால் புளிக்கவைத்த தேயிலையில், பெர்கமாட் எண்ணெய் தெளித்தது. 5 கிராம் போட்டு, கொதிநீரில் ஒரு தடவை கழுவிக் கொட்டிவிட்டு, 100 மில்லி ஊற்றி 15 விநாடி வைத்தேன். எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த மணம்தான் முதலில் வந்தது, அடியில் ஈரமண்ணும் பழைய மரப்பெட்டியும். வழக்கமான ஏர்ல் கிரேயின் துவர்ப்பு இதில் இல்லை. ரொம்பப் பிடித்துவிட்டது.

பழையசரக்கு:
எனக்கு உடன்பாடே இல்லை. பழுத்த பூ-எர் 1973-இல் குன்மிங் ஆலையில் உருவான முறை. தேயிலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, துணி போர்த்தி, ஒன்றரை மாதம் போல நுண்ணுயிர்களை வேலை செய்ய விட்டு, சூடு ஏறிக் கருகிவிடாமல் அவ்வப்போது கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சரியாக வராத குவியலில் மீன்வாடை அடிக்கும். அதை மறைக்கத்தான் இந்த எண்ணெய். நல்ல சரக்கை வைத்திருப்பவர் ஏன் அதன்மேல் எண்ணெய் தெளிக்கிறார்?

கருந்தேநீர்:
சீனர்களே சேர்க்கிறார்களே! குவாங்தோங்கின் சின்ஹுய்யில் சின்னப் பச்சை மாண்டரின் ஆரஞ்சைக் குடைந்து, உள்ளே பழுத்த பூ-எரை அடைத்துக் காயவைக்கிறார்கள். அதுவும் மறைப்பதற்கா?

பழையசரக்கு:
அங்கே தோலும் இலையும் சேர்ந்தே காய்கின்றன, ஊற்ற ஊற்றத் தோலும் கூடவே இறங்கும். தெளித்த எண்ணெய் இலையின் மேலேயே நிற்பது. அதே இலையில் மறுபடி மறுபடி நீர் ஊற்றி எடுத்த உங்கள் மூன்றாவது கோப்பையில் பெர்கமாட் இருந்ததா?

சாரல்:
நடுவில் ஒன்று சொல்கிறேன். பெர்கமாட்டைக் குறை சொல்லாதீர்கள், இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பழத்தின் தோலைச் சூடாக்காமல் பிழிந்து எடுப்பது, அருமையான எண்ணெய். பொட்டலத்தில் அது இயற்கை எண்ணெயா, வெறும் 'வாசனைப் பொருள்' என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம், பழையசரக்கு கேட்டது சரியான கேள்வி. வாசனை போன பிறகு வரும் கோப்பையில்தான் இலையின் தரம் தெரியும்.

கருந்தேநீர்:
பார்த்துவிட்டேன், 'பெர்கமாட் எண்ணெய்' என்றுதான் இருக்கிறது. மூன்றாவதில் மணம் மங்கியது உண்மை. நான்காவதில் மீன்வாடை இல்லை, லேசான இனிப்பும் ஈரக்கட்டை மணமும் இருந்தன, அதனால் மறைக்கத்தான் என்பதை ஏற்க மாட்டேன். ஆனால் ஐந்தாவதிலேயே வெளுத்துவிட்டது. இலை பெரும்பாலும் தூள், அதை ஒத்துக்கொள்கிறேன்.

பழையசரக்கு:
சரி, முழு இலை பூ-எர் ஒன்றை எண்ணெய் இல்லாமல் வாங்கி, இதன் பக்கத்தில் வைத்து ஊற்றிப் பாருங்கள். எட்டாவது கோப்பை வரைக்கும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.