ஜெபத்தில் வந்த யோசனையை என்ன செய்தீர்கள்?

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து (தவக்கால) நாட்களில் எங்கள் கோயிலில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஜெபம். போன வருஷம் லெந்தில் ஒரு நாள், முழங்காலில் இருக்கும்போது சம்பந்தமே இல்லாமல் எதிர்த்தெருப் பெண்ணின் முகம் மனதில் வந்தது. பத்தாம் வகுப்பு படிக்கிறவள். அப்பா இல்லை, அம்மா பூக்கட்டி விற்கிறார். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 18 மார்க் என்று அந்த அம்மா எப்போதோ என்னிடம் சொல்லி வருத்தப்பட்டிருந்தார். நானோ ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ‘சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு உட்கார வை’ என்று ஓர் எண்ணம். குரல் எதுவும் கேட்கவில்லை. என் சொந்த யோசனை மாதிரிதான் இருந்தது. அதனால்தானோ என்னவோ, அதை நான் பெரிதாக மதிக்கவில்லை.

பொதுத்தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. கோயிலிலிருந்து வந்தேன், பால் காய்ச்சினேன், பேரனைப் பள்ளிக்கு அனுப்பினேன். மத்தியானத்துக்குள் மறந்தே போனேன். நடுவில் ஒரு தடவை ஞாபகம் வந்தபோது, ‘ஈஸ்டர் முடியட்டும்’ என்று நானே தள்ளிப்போட்டேன். ஈஸ்டருக்குள் பரீட்சை முடிந்துவிடும் என்பது பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் கணக்கு நடத்தியவளுக்குத் தெரியாதா?

ஜூன் மாதம் அவள் அம்மாவைக் கோயில் வாசலில் பார்த்தேன். கணக்கில் மட்டும் போய்விட்டதாம். துணைத்தேர்வுக்குப் பணம் கட்டவில்லை. திருப்பூரில் சித்தி வீட்டில் இருந்துகொண்டு பனியன் கம்பெனிக்குப் போகிறாளாம். “எல்லாம் ஆண்டவர் சித்தம் டீச்சர்” என்றார். அந்த இடத்தில் எனக்கு நிற்க முடியவில்லை. ஆண்டவர் சித்தத்தை எனக்கு ஐந்து வாரம் முன்பே சொல்லியிருந்தாரே.

அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஜெபத்தில் வருகிறதை உடனே எழுதுகிறேன். ஜெபத்தின் நடுவிலேயே கண்ணைத் திறந்து எழுதுகிறேன், பக்கத்தில் இருக்கிறவர்கள் முறைத்தாலும். பக்கத்திலேயே, அன்று இருட்டுவதற்குள் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையையும் எழுதுவேன். ஒரு போன், ஒரு வீட்டுக்குப் போய் வருவது, அவ்வளவுதான். மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்? கொஞ்சம் சொல்லுங்கள்.

* * *

டீச்சர், எனக்கு உங்களுக்கு நேர் எதிர் வியாதி. சென்னையில் ஐடி வேலை, போனில் குரல் பதிவு செய்கிற பழக்கம். பைக்கில் போகும்போது ஏதாவது தோன்றினால் ஓரமாக நிறுத்திப் பேசிவைப்பேன். போன மாதம் எண்ணிப் பார்த்தேன், 43 பதிவு. செய்தது ஒன்று. எழுதி வைத்ததாலேயே செய்து முடித்த திருப்தி வந்துவிடுகிறது, அதுதான் பிரச்சினை.

அந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் சபையில் காது கேளாத கணவன் மனைவி இருவர் கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். ‘இவர்களுக்காக சைகை மொழி கற்றுக்கொள்’ என்று ஒரு ஞாயிறு பலமாகத் தோன்றியது. பதிவு செய்தேன். பதினோரு மாதம் அது போனிலேயே தூங்கியது. சைகை மொழி என்றால் வகுப்பு தேடணும், சனிக்கிழமை போகணும், யோசனை பெரிதாக இருந்ததால் பயந்து தொடவே இல்லை.

கடைசியில் ஒரு நாள் துணிந்து அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு தாளில் “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று எழுதிக் காட்டினேன். அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே எழுதினார்: “பாட்டு நம்பரும் வசனமும் முன்னாடியே சொல்லுங்க. எல்லாரும் எழுந்திரிக்கும்போதுதான் எங்களுக்குத் தெரியுது.” அவ்வளவுதான்! இப்போது சனிக்கிழமை ராத்திரி பாஸ்டரிடம் பிரசங்கக் குறிப்பு வாங்கி ஒரே பக்கமாகத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். பத்து நிமிட வேலை. பாட்டி ஒருவர், காது சரியாகக் கேட்காதாம், அவரும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்கிறார். சைகை மொழியை அந்த அக்காவே வாரம் நாலு வார்த்தையாகச் சொல்லித் தருகிறார். என் விரலைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு அடங்குவதில்லை.

* * *

இருவரும் நல்லபடியாகச் சொன்னீர்கள். நான் கொஞ்சம் கசப்பானதைச் சொல்கிறேன். எனக்கு வயது அறுபத்தெட்டு.

நாற்பது வயதில் எனக்கு ஒரு ‘தரிசனம்’ வந்தது. கிறிஸ்தவப் பத்திரிகை ஒன்று நடத்த வேண்டும் என்று. எழுதினேன், அன்றே செயல்பட்டேன், நீங்கள் இருவரும் சொல்கிற எல்லாமே செய்தேன். பிஎஃப் பணத்தை எடுத்து அச்சுக்குக் கொடுத்தேன். வீட்டுக்காரி “யாரிடமாவது கேட்டீர்களா?” என்றாள். “ஆண்டவர் சொன்னபின் யாரிடம் கேட்பது?” என்று வாயை அடைத்தேன். ஒன்பது இதழ் வந்தது. பத்தாவதுக்குக் காகிதம் வாங்கக் காசில்லை. மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு வீட்டுக்காரியின் வளையல் போனது. இன்றுவரை அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

“ஆவியை அவித்துப்போடாதிருங்கள்” (ஆவியானவரின் ஏவுதலை அணைத்துவிடாதீர்கள்) என்று பவுல் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இரண்டே வசனம் தள்ளி “எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து” என்று அவரே சொன்னதை விட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான் பைபிளில் நெகேமியாவின் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தேன். அவர் பாரசீக ராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்த யூதர். எருசலேம் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டது கிஸ்லேயு மாதம். ராஜாவிடம் வாயைத் திறந்தது நிசான் மாதம். நாலு மாதம் உபவாசமும் ஜெபமும். ஆனால் ராஜா “என்ன வேண்டும்?” என்று கேட்டபோது திணறவில்லை. எத்தனை நாள் ஆகும், யார் யாருக்குக் கடிதம் வேண்டும், மரம் தரவேண்டிய அதிகாரி யார், எல்லாம் கையில் இருந்தது. எருசலேமுக்கு வந்த பிறகும், தேவன் மனதில் வைத்ததை ஒருவருக்கும் சொல்லாமல் ராத்திரியில் போய் அலங்கத்தைப் பார்த்தார். நானானால் முதல் நாளே நோட்டீஸ் அடித்திருப்பேன்.

நம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது பாருங்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர் (சபைப் போதகரை நாங்கள் ‘ஐயர்’ என்போம்), அப்போது வாலிபர், 1902இல் யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் வெளியே மிஷனெரி ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். நம் திருநெல்வேலிச் சபை அவ்வளவு பெரிது, நம்மிடம் அப்படி ஒன்று இல்லையே என்று மனம் குத்தியது. ஊருக்குத் திரும்பி மற்றவர்களோடு பேசினார், ஜெபித்தார். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்று தெளிவாக வரையறுத்தார்கள். தெலுங்கு பேசுகிற தோர்ணக்கல் பக்கம் ஊழியர்களை அனுப்பினார்கள். பிற்பாடு 1909இல் அவரே அங்கு போனார். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். எனக்கு இதில் பிடித்தது, அவர் யோசனையைத் தனியாகச் சுமக்கவில்லை என்பது. என் பத்திரிகைக்கு ஆசிரியர், வெளியீட்டாளர், தபால் ஒட்டுகிறவர் எல்லாம் நானே.

இப்போதும் யோசனை வருகிறது. முதலில் வீட்டுக்காரியிடம் சொல்வேன். அவள் “ம்” என்றால் அப்புறம் ஐயரிடம்.

* * *

அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். உங்கள் வீட்டு அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி சொன்ன “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்பதை நான் கேட்கவே இல்லை என்பது இன்று காலைதான் உறைத்தது. பூக்கார அம்மாவிடம் நம்பர் வாங்கி, திருப்பூருக்கு அந்தப் பெண்ணையே கூப்பிட்டேன். “தனித்தேர்வராக எழுதுகிறாயா? போனிலேயே சொல்லித் தருகிறேன்” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு டீச்சர். துணி துவைக்கணும்” என்றாள். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து, அவள் துணி துவைத்து முடிக்கிற நேரமாகப் பார்த்து, மூன்று மணிக்குக் கூப்பிட வேண்டும். நோட்டில் எழுதிவிட்டேன்.