பூண்டு சாப்பிட்டா ஒன்னுமில்ல, உரிச்சா மட்டும் விரல் வெடிக்குது. ஏன்?

கேள்வி (மேல்மலை):
கொடைக்கானல் மேல்மலையில மன்னவனூர், பூம்பாறை பக்கம் விதைப்பூண்டு பல் பிரிக்கிற ஒருத்தருக்கு மூணு சீசன் ஒன்னும் வரல. இப்போ இடது கையில கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் நுனி மட்டும் தடிச்சு வெடிக்குது. தினமும் ரசத்துல பூண்டு போட்டுத்தான் சாப்பிடுறார். வயிறு ஏத்துக்கிறதைத் தோல் ஏன் ஏத்துக்கல? இன்னும் கூட்டிச் சாப்பிட்டா பழகிடுமா?

பதில் 1 (தோல் மருத்துவம்):
வலது கையில கத்தி, இடது கை மூணு விரல்ல பல். பூண்டு ஒவ்வாமையோட அடையாளமே இதுதான். காரணம் பெரும்பாலும் டைஅல்லைல் டைசல்ஃபைடுங்கிற பூண்டுக் கந்தகப் பொருள். அது தோல் புரதத்துல ஒட்டிக்கும். தோல்ல காவல் காக்கிற டென்ட்ரிட்டிக் செல் அதை நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய், நோய் எதிர்ப்பு வேலை பார்க்கிற டி செல்கிட்ட காட்டும். அந்த டி செல் தாக்குற செல்லாகுமா, அடக்குற செல்லாகுமாங்கிறது அங்கதான் முடிவாகுது. தோல் அமைதியா இருந்தா ஒழுங்குபடுத்தும் டி செல் (டிரெக்) பக்கம் சாயும். புண், ஈரம், எரிச்சல் இருந்தா அபாயச் சத்தம் கேட்டுத் தாக்குற பக்கம் போயிடும். பச்சைப் பூண்டு தானே எரிச்சலையும் கொண்டுவருது, அதுதான் சிக்கல்.

சாப்பிட்டுப் பழக்குறது: 1946ல மெர்ரில் சேஸ் கினிப்பன்றிக்கு ஒரு ரசாயனத்தை முதல்ல ஊட்டிட்டு அப்புறம் தோல்ல தடவினார், ஒவ்வாமை உண்டாகல. வரிசையைக் கவனிங்க, வாய்தான் முதல்ல. நினைவு டி செல் (ஒரு தடவை பார்த்த பொருளை ஞாபகம் வெச்சுத் தாக்குறது) உருவான பிறகு தின்னா அது கலையாது. சிலருக்குக் கை இன்னும் மோசமாகும்.

மேல்மலை:
இவர் சின்ன வயசுலேர்ந்தே சாப்பிடுறாரே, வாய்தானே முதல்?

பதில் 1:
நல்ல கேள்வி. உரிக்கிற எல்லாருக்கும் இது வராததுக்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா அது முழுக் கவசம் இல்ல. வெந்த பூண்டுல இந்தப் பொருள் குறைவு, நறுக்கின பச்சைப் பல்லுல அதிகம். எரிச்சல்பட்டு வெடிச்ச விரல் அந்த அடக்கத்தை உடைச்சிடலாம்.

பதில் 2 (தொழில்சார் நலம்):
ஒவ்வாமை வந்த பிறகும் டிரெக் வேலை செய்யும். தொட்ட 24-72 மணி நேரத்துல தடிப்பு உச்சத்துக்குப் போகும், அப்புறம் செல்கள் அனுப்புற ஐஎல்-10 மாதிரி அடக்கும் சமிக்ஞையால அடங்கும். தினமும் தொட்டா அடங்கவே நேரம் கிடையாது. அதனால வேலையை மாத்துங்க. முழுசா காய்ஞ்ச பூண்டைத் தரம் பிரிக்கிறது, எடை போடுறது, மூட்டை கட்டுறது பரவாயில்ல. பல் நசுங்கினாத்தான் அந்தப் பொருள் உருவாகுது. கையுறையை நம்பாதீங்க, நைட்ரைல், ரப்பர் ரெண்டையும் ஊடுருவிடும். கிருமிநாசினி போட்டுக் கழுவிக்கிட்டே இருக்கிறதும் தப்பு, தோல் இன்னும் பிளக்கும்.

உறுதி பண்ண பேட்ச் டெஸ்ட்: வாசலின்ல 1% டைஅல்லைல் டைசல்ஃபைடு, முதுகுல 48 மணி நேரம் ஒட்டி வைக்கணும். எடுத்ததும் ஒரு தடவை, மூணாவது இல்ல நாலாவது நாள் இன்னொரு தடவை பார்க்கணும். பச்சைப் பூண்டை அரைச்சு வீட்டுல ஒட்டிப் பார்க்காதீங்க. ஒவ்வாமை இல்லாதவங்களுக்கும் கொப்பளம் வரலாம், அதை ஒவ்வாமைன்னு எடுத்துக்க முடியாது.