டிப்ளமசியில் ஆஸ்திரியா: இத்தாலியிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி: டிப்ளமசி பலகை விளையாட்டில், அடுத்த ஆட்டத்தில் எனக்கு ஆஸ்திரியா. ஏழு பேர், பகடை கிடையாது, எல்லாம் பேச்சுதான். இத்தாலியின் வெனிஸும் என் ட்ரியெஸ்டேவும் ஒட்டியே இருக்கின்றன, அதனால் முதல் வருஷமே அவர் உள்ளே வந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன சொல்லி நிறுத்துவது?

பதில் 1: "அடிக்காதீர்கள்" என்று கெஞ்சினால் வேலைக்கு ஆகாது, அவருக்கு வேறு இரை காட்டுங்கள். லெபான்டோ திட்டத்தைச் சொல்லுங்கள்: ஆட்டத்தின் முதல் வருஷமான 1901 வசந்தத்தில் நேப்பிள்ஸ் கப்பல் அயோனியன் கடலுக்கு, ரோம் படை அபுலியாவுக்கு, இலையுதிர் பருவத்தில் அந்தப் படை கப்பல் வழியாக டுனிஸுக்கு. அப்புறம் இருவருமாகத் துருக்கியை அடிக்கலாம். ஆஸ்திரியா விழுந்தால் அடுத்து ரஷ்யாவும் துருக்கியும் தன் வாசலில்தான் நிற்கும் என்பது யோசிக்கிற இத்தாலிக்குத் தெரியும், அதை நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

பதில் 2: சரி, ஆனால் ரஷ்யாவை மறக்காதீர்கள். என்னைக் கேட்டால் கலீசியாதான் பெரிய ஆபத்து, அங்கே ரஷ்யப் படை வந்தால் வியன்னா, புடாபெஸ்ட் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மிரட்டல். நீங்களும் ரஷ்யாவும் அங்கே படை அனுப்பி, முட்டி, யாரும் நுழையாமல் திரும்புவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அவர் மறுத்தாலும் வியன்னா படையை அனுப்பிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் புடாபெஸ்ட் படை செர்பியாவுக்குத்தானே?

பதில் 2: ஆமாம், அதில் மாற்றமே வேண்டாம்.