ஹாம்ஸ்டருக்கு எந்தத் தண்ணீர் வைப்பது? போர், கேன், ஆர்.ஓ. என ஆளுக்கொன்று சொல்கிறார்கள்

மேடவாக்கம் மூன்றாவது மாடி:
வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு சிரியன் ஹாம்ஸ்டர் இருக்கிறது. பெயர் பொரி. ஆண், எடை 130 கிராம். மகளுடையது என்று பேர், பார்த்துக்கொள்வது நான்தான்.

எங்கள் அபார்ட்மென்டில் போர் தண்ணீர். வாளியில் வெள்ளை வெள்ளையாகக் கறை பிடிக்கும் அளவுக்கு உப்பு. கோடையில் லாரித் தண்ணீரையும் அதே சம்ப்பில் விடுவார்கள். நாங்கள் குடிப்பதற்குக் கேன் வாங்குகிறோம். பொரிக்கு மட்டும் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றி வந்தேன். கடைக்காரர் அது போதும் என்றார். தெரிந்தவர் ஒருவர் "உப்புத் தண்ணீர் வைத்தால் கல் வரும்" என்று பயமுறுத்தியதால் கேன் தண்ணீருக்கு மாற்றினேன். அதற்கப்புறம் பாட்டிலில் அளவு குறையவே இல்லை. ஆனால் வெள்ளரிக்காய் நீட்டினால் பாய்ந்து வந்து பிடுங்குகிறது. கேன் தண்ணீரின் ருசி பிடிக்கவில்லையா? ஆர்.ஓ. தண்ணீரில் சத்தே இல்லை, கொடுக்காதே என்று வேறு சொல்கிறார்கள். எதைத்தான் வைப்பது?

ரெண்டு வாண்டு அம்மா:
எனக்கும் இதே சந்தேகம். எங்கள் வீட்டில் எல்லோரும் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிப்போம். அதையே கூண்டிலும் வைக்கலாமா?

கூண்டுக்காரன்:
சீரகம், வெட்டிவேர், துளசி, குளுக்கோஸ் எதுவும் வேண்டாம் அக்கா. வெறும் தண்ணீர் போதும். கடையில் விற்கும் வைட்டமின் சொட்டு மருந்தையும் சேர்க்காதீர்கள். வாசனை மாறினால் சில ஹாம்ஸ்டர்கள் குடிப்பதையே குறைத்துவிடும்.

மேடவாக்கம் நண்பருக்கு: ஆர்.ஓ.வில் சத்து இல்லை என்ற பேச்சை விடுங்கள். ஹாம்ஸ்டருக்குத் தேவையான சுண்ணாம்பும் மற்ற தாதுக்களும் தீனியிலிருந்து வருகின்றன. ஒழுங்கான பெல்லட் தீனி தின்னும் பிராணிக்கு ஆர்.ஓ. தண்ணீரால் ஒன்றும் குறையாது. கேன் தண்ணீரும் பெரும்பாலும் ஆர்.ஓ. போட்டதுதான்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். சுண்ணாம்பில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் மாவு மாதிரிப் படியும். மற்ற உப்பெல்லாம் அப்படியே இருக்கும், தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத ஊரில் 2000 வரை விட்டுக்கொடுக்கிறார்கள். உங்கள் போர் எங்கே நிற்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அந்த மீட்டர் கரைந்த உப்பை மட்டும்தான் கணக்குப் போடும், கிருமியைக் காட்டாது. 40 காட்டும் கேனிலும் அழுக்கு இருக்கலாம். என் சந்தேகம் எப்போதும் கேனைவிட அதைக் கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சர் குழாய் மேல்தான். அதைக் கழுவும் வீடுகள் குறைவு.

மூத்திரப்பைக் கல் ஹாம்ஸ்டருக்கு வருவது உண்மை. அதற்காக உப்புத் தண்ணீர் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனால் தண்ணீர் போதாமல் போவது எந்த வகையிலும் கெடுதல்.

தருமபுரி ராகிக்களி:
எங்கள் பக்கம் பிரச்சினை உப்பு மட்டும் இல்லை, ஃபுளோரைடு. கொதிக்க வைத்தால் அது போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைத்து, நாங்களும் அதைத்தான் குடிக்கிறோம், எங்கள் குட்டை ஹாம்ஸ்டர்களும் அதைத்தான் குடிக்கின்றன. தண்ணீரில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வுக்கூடம் இருக்கிறது, கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். மற்றபடி வீட்டில் கைக்குழந்தைக்குக் கொடுக்கத் தயங்கும் தண்ணீரைக் கூண்டிலும் வைக்காதீர்கள்.

மீன்தொட்டி மணி:
குளோரின் வாடை வந்தால் அகலமான பாத்திரத்தில் ஒரு இரவு திறந்து வையுங்கள், பெரும்பாலும் போய்விடும். மீனுக்கு இது உயிர்ப் பிரச்சினை, ஹாம்ஸ்டருக்கு அவ்வளவு இல்லை. விதிப்படி குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருந்தாக வேண்டும். அதனால் வாடை இருந்தாலே விஷம் என்று நினைக்க வேண்டாம். திறந்து வைத்த தண்ணீரை மூடாமல் நாள் கணக்கில் விட்டால்தான் வம்பு.

பழைய கம்பவுண்டர்:
எல்லோரும் தண்ணீரையே பார்க்கிறீர்கள், பாட்டிலை யாரும் பார்க்கவில்லையே. வெள்ளரிக்காய்க்குப் பாய்கிறது என்றால் பொரிக்குத் தாகம் இருக்கிறது. அதுவும் புதுத் தண்ணீர் ஊற்றிய நாளிலிருந்து அளவு குறையவில்லை. நீங்கள் பாட்டிலைக் கழற்றி மாட்டியது அன்றைக்குத்தானே? குழாயின் நுனியில் இருக்கும் எஃகுக் குண்டை விரல் நுனியால் மெல்லத் தள்ளுங்கள். அது உருண்டு விரலில் ஈரம் பட வேண்டும். படாவிட்டால் தண்ணீர் வெளியே வரவில்லை என்று அர்த்தம். உப்புத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் குண்டைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து இறுகிவிடும். கொஞ்சம் காய்ந்து மறுபடி மாட்டினால் அசையாது. மூடி சரியாக இறுகாவிட்டால் எதிர் வேலை நடக்கும்: சொட்டுச் சொட்டாக ஒழுகி மரத்தூள் நனையும், நாம் ஹாம்ஸ்டர் குடித்தது என்று நினைத்துக்கொள்வோம்.

மேடவாக்கம் மூன்றாவது மாடி:
சார், இப்போதுதான் பார்த்தேன். குண்டு அசையவே இல்லை! டார்ச் அடித்துப் பார்த்தால் குழாயின் விளிம்பில் சுற்றிலும் சுண்ணாம்பு பூசின மாதிரி வளையம். இப்போதைக்கு என்ன செய்யட்டும்?

பழைய கம்பவுண்டர்:
முதலில் கனமான பீங்கான் ஊறுகாய்க் கிண்ணத்தில் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர் வைத்துக் கூண்டுக்குள் வையுங்கள். அப்புறம் குழாயைக் கழற்றி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அரை மணி நேரம் ஊறப் போடுங்கள். பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, புளிப்பு வாடை போகும் வரை கழுவுங்கள். குண்டு தடையில்லாமல் உருண்டால் மாட்டலாம், இல்லையென்றால் புதுப் பாட்டில் வாங்கிவிடுங்கள். வெள்ளரிக்காயை அள்ளிக் கொடுக்காதீர்கள், வயிறு போகும்.

பிடரித் தோலை மெல்லக் கிள்ளி விடுங்கள். உடனே பழையபடி படியாமல் கூடாரம் மாதிரி நின்றாலோ, கண் உள்ளே போய் ஆள் சோர்ந்து கிடந்தாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். வால் பக்கம் ஈரமாக, நாற்றத்துடன் பேதி இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். அது தண்ணீரை மாற்றினால் தீருகிற நோய் இல்லை.

மேடவாக்கம் மூன்றாவது மாடி:
கிண்ணத்தை வைத்ததும் ஓடி வந்து நின்று நின்று குடித்தது. தோல் உடனே படிகிறது, ஆளும் சுறுசுறுப்புதான். குழாய் ஊறிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு குடித்தால் சரி?

கூண்டுக்காரன்:
100 கிராம் எடைக்கு 10 மில்லி என்பது தோராயக் கணக்கு. பொரிக்கு 13 மில்லி சுற்றி வரும்; வெயிலிலும் காய்ந்த தீனியிலும் கூடும், காய்கறி தின்றால் குறையும். அலெப்போ பக்கத்து வறண்ட நிலத்து வம்சம், 1930இல் அங்கே பிடித்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள்தான் இன்று வீடுகளில் வளர்பவை. மடக் மடக்கென்று குடிக்கிற ஜாதி இல்லை. 125 மில்லி பாட்டிலில் 13 மில்லி குறைந்தால் கண்ணுக்கே தெரியாது. பாட்டிலில் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கோடு போட்டுப் பாருங்கள். திடீரென்று இரண்டு மடங்கு குடித்து, கூண்டு எப்போதும் ஈரமாக இருந்தால் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ என்று பார்க்க வேண்டும். காம்ப்பெல் குட்டை ஹாம்ஸ்டர் வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனியுங்கள்.

தண்ணீரை தினமும் மாற்றுங்கள், பாட்டில் நிறைய இருந்தாலும் சரி. வெயில் படுகிற ஜன்னல் பக்கம் மாட்டினால் உள்ளே பச்சைப் பாசி பிடிக்கும்.

மேடவாக்கம் மூன்றாவது மாடி:
அப்போ கேன் தண்ணீரையே தொடர்கிறேன், டிஸ்பென்சரையும் இன்றைக்கே கழுவிவிடுகிறேன். இன்னொன்று: அடுத்த வாரம் சனி, ஞாயிறு ஊருக்குப் போகிறோம். ஒரு பாட்டில் போதுமா?

பழைய கம்பவுண்டர்:
ஒன்றை நம்பிப் போகாதீர்கள். இரண்டு பாட்டில் மாட்டுங்கள், இரண்டிலும் குண்டைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.