வீடு விற்க பேஸ்மென்டை எப்படி ஒழுங்குபடுத்துவது?

கனடாவின் ஒன்ராறியோவில் உள்ள ஸ்காபரோ வீட்டை விற்கப் போகிறோம். பேஸ்மென்டில் (நிலத்தடித் தளத்தில்) இருபது வருடச் சாமான், அரிசி மூட்டை, பிள்ளைகளின் பனிச் சப்பாத்து. எங்கே தொடங்குவது?

பதில்: அக்கா, முதலில் வாடை. ஈர நெடி அடித்தால் எந்த சோபாவும் எடுபடாது. நான் டீஹியூமிடிஃபையரை (காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருவி) 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்து இரண்டு வாரம் ஓடவிட்டேன். அப்படியும் போகவில்லை. படிக்கட்டடியில் கம்பளத்தைத் தூக்கினால் ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி! வெட்டி எறிந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. அப்புறம் எல்லா பல்பும் 3000 கெல்வின் (இளமஞ்சள் கலந்த வெள்ளை ஒளி), ஒரே நிறம்.

பதில்: படுக்கையறையாகக் காட்டக் கட்டில் போடுமுன், அவசரத்தில் வெளியேற முடியுமா என்று ஜன்னலை அளந்து பாருங்கள். அந்தத் தளத்திலிருந்து நேரே வெளியே போகக் கதவில்லை என்றால், ஒன்ராறியோவில் படுக்கையறை உள்ள தளத்தில் ஒரு ஜன்னலுக்காவது 0.35 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். அகலமோ உயரமோ 380 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. குறைந்தால் மேசை வைத்து அலுவலக அறையாகக் காட்டுங்கள்.

கேட்டவர்: சரி, அரிசி மூட்டை இன்றே தங்கச்சி வீட்டுக்குப் போகிறது. கம்பளத்தையும் தூக்கிப் பார்க்கிறேன்.