பக்கத்துல சோலார், அடுப்புல கருவேலம்: கடன் கிடைச்சா மாறிடுமா?

கீழக்கரைக்காரன்:
வங்கிக் கடன் பரவலாகி ('நிதி வளர்ச்சி'ங்கிறாங்க), சூரிய மின்சாரமும் பெருகினா எரிசக்தி வறுமை, அதாவது சமைக்க, விளக்கெரிக்க, தொழில் பாக்க எரிபொருளும் கரண்டும் போதாத நிலை, குறையும்னு பொருளாதாரம் படிச்சவங்க சொல்றாங்க. எனக்கு அது சரின்னு படுது. வெயிலுக்கு யாரும் விலை கேக்குறதில்ல. போட்ட முதலும் அதுக்கான வட்டியும்தான் யூனிட் விலையில பெரும்பங்கு. 2015ல நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி சோலார் திட்டத்துக்கு யூனிட் 7 ரூபாய் 1 காசுன்னு ஒப்பந்தம். 2017 மே மாசம் ராஜஸ்தான் பட்லா ஏலத்துல அது 2 ரூபாய் 44 காசு. பேனல் விலை சரிஞ்சது ஒரு காரணம், குறைஞ்ச வட்டிக்குப் பணம் கிடைச்சது இன்னொண்ணு.

கரிமூட்டம்:
காக்கா (அண்ணே), கமுதியில 648 மெகாவாட் ஓடுது. 2016ல திறந்தப்ப பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. கரண்ட் பெரிய லைன்ல ஏறி எங்கயோ போகுது. அதே கமுதி, முதுகுளத்தூர் பக்கம் நிறைய வீட்டுல சீமைக்கருவேலம் வெட்டித்தான் சோறு பொங்குறாங்க. பட்லாவுல விலை குறைஞ்சா எங்க அடுப்புக்கு என்ன?

பாம்பன் கரைவலை:
அண்ணே, வறுமைன்னாலே விளக்கு இல்லாததுன்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. லைட்டு எரியுது. எங்களுக்குத் தட்டுப்பாடெல்லாம் சமையல் எரிபொருள், ஐஸ், டீசல்தான். 2014ல ஜன்தன் கணக்கு வந்ததுல இருந்து தெருவுல எல்லார்கிட்டயும் பாஸ்புக் இருக்கு. கடன் மட்டும் மீன் வியாபாரிகிட்ட. முன்பணம் வாங்கிட்டா, அவர் சொல்ற விலைக்கு அவருக்கே மீனைப் போடணும். இதையும் 'நிதி வளர்ச்சி'ல சேப்பீங்களா?

வங்கியில் வேலை:
வீட்டுக் கூரையில் சோலார் பேனல் போட 2024ல் வந்த சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். மீதித் தொகைக்கு ஈடு இல்லாமலே கடனும் உண்டு. கவுன்டரில் உட்கார்ந்திருப்பவன் சொல்கிறேன், குடிசைப் பகுதியிலிருந்து ஒருவரும் வந்து கேட்கவில்லை.

கரிமூட்டம்:
எப்படி சார் வருவாங்க? ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன், டிவி ஓடுற வீட்டுக்கு பில்லே வராது, வந்தாலும் சொற்பம். வராத பில்லை மிச்சம் பிடிக்க எவன் தவணை கட்டுவான்? தகரக் கூரை, ஓலைக் கூரை மேல பேனலை மாட்டவும் முடியாது. கடைசியில அந்த 78,000 ஏசி ஓடுற மாடிவீட்டுக்குத்தான் போகுது. காக்கா தெருவுக்குன்னு வச்சுக்குங்க :)

கீழக்கரைக்காரன்:
தெருவை விடுங்க தம்பி. நீங்க போட்ட கணக்குல அடுப்பு எங்க? கரண்ட் அடுப்புல ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு ஒன்றரை, ரெண்டு யூனிட் ஆகும். இலவச 100 அதுலயே தீந்துடும். 1 கிலோவாட் பேனல் நல்ல வெயில்ல நாளைக்கு சுமார் 4 யூனிட் தரும். விடியக்காலம் பொங்குறவங்களுக்கு வெயில் எங்கன்னு கேப்பீங்க. பகல்ல லைனுக்கு அனுப்பி, வேணும்போது எடுத்துக்கலாம். வீட்டுக்கூரை ஆகாட்டி ஊர்ப் பொதுக்கட்டடத்துல போடட்டும்.

பாம்பன் கரைவலை:
உப்புக்காத்துல ஸ்டாண்டு துருப்பிடிச்சா யார் பாக்குறது? பழுது பாக்க ராமநாதபுரத்துல இருந்து ஆள் வரணும். எனக்குக் கேட்டா, கடன் குடுத்தா வருமானம் வர்ற பொருளுக்குக் குடுக்கணும். பொம்பளைங்க கருவாட்டை மணல்ல காய வைக்கிறாங்க, திடீர்னு மழை பெஞ்சா அத்தனையும் போச்சு. மகளிர் குழு பேர்ல சோலார் உலர்த்தி வாங்கினா சுத்தமாவும் காயும், கூட நாலு காசும் கிடைக்கும். தவணையும் அதுலயே கட்டிடலாம்.

வங்கியில் வேலை:
குழுவாக வந்தால் பார்க்கலாம். ஆனால் காய்ந்த சரக்கை யார் வாங்குவார்? முன்பணம் கொடுத்த அதே வியாபாரி என்றால், கூடுதல் லாபம் அவருக்குத்தானே போகும்?

பாம்பன் கரைவலை:
முன்பணம் படகுக்காரன் தலையில சார். கருவாடு போடுற பொம்பளைங்க ஏலத்துல காசு குடுத்து எடுக்கிறாங்க, சந்தையில அவங்களே விக்கிறாங்க. அவங்களுக்கு அன்னன்னைக்குக் கைமுதல்தான் பிரச்சினை. உலர்த்திக்கு மட்டும் கடன் குடுத்துட்டு மீன் எடுக்கக் காசு குடுக்கலன்னா அது சும்மா நிக்கும். ரெண்டையும் சேத்துக் குடுங்க.

கரிமூட்டம்:
கரைக்கு உலர்த்தி சரி. எங்க பக்கம் வாங்க. ஏழை வீட்டுக்கு அரசு குடுத்த உஜ்வாலா கேஸ் சிலிண்டர் மூலையில கிடக்கு, காலியானா திரும்ப நிரப்ப மொத்தமாக் காசு வேணும். விறகுக்குக் காசு வேணாம், உடம்பு வலிதான். அதோட இங்க விறகு எரிக்க மட்டும் இல்ல, மூட்டம் போட்டு (விறகை அடுக்கி மண்ணால மூடி எரிச்சு) கரி விக்கிறதுதான் பலருக்கும் பிழைப்பு. அந்தப் புகையில நிக்கிற அக்காகிட்ட வங்கி என்ன கடனை நீட்டும், எந்த வருமானத்தை நம்பி நீட்டும்? அதைச் சொல்லுங்க சார், மத்ததை அப்புறம் பேசுவோம்.